கரை சேர்ந்த முரசு

ஒரு குதிரையின் நிறத்துக்காக ஏழு பெண்களைத் தலைச்சுமையோடு திரும்பி நடக்க வைத்தவள் அவள்.

மணப்பட்டிலிருந்து பாகூருக்கு மீன் கொண்டுபோகிற வழி அது. கடலூர் ரோட்டைத் தாண்டி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே போகும் வண்டித்தடத்தில் இறங்கியிருந்தோம். கதை நல்ல கட்டத்தில் இருந்தது. இளவரசன் கடற்கரைக்கு வந்து குதிரையை விட்டு இறங்கிவிட்டான். அவள் திடீரென்று நின்றாள். கதை சொல்கிறவள் நின்றால் எல்லாரும் நிற்கவேண்டும்.

"குதிரை இன்னா நெறம் சொன்னேன்?"

"செவலை" என்றாள் பாக்கியம் சித்தி. கூட்டத்திலேயே வாய்த்துடுக்கு அதிகம் உள்ளவள் இவள்தான்.

"தப்பு. வெள்ளை. நெத்தியில மட்டும் பொட்டு மாதிரி செவலை."

"குதிரை பச்சையாவே இருந்துட்டுப் போவட்டும். நடடி. மீனு கெட்டுடும்."

"எந்த எடத்துல சொன்னேன்?"

"ரோட்டாண்ட, ஒத்தப் பனைகிட்ட."

"அங்கேர்ந்து சொல்லணும். வாங்க."

"அடிப் பாவி! நீ தப்பாச் சொன்னதுக்கு நாங்க நடக்கணுமா?"

"தப்பைக் கேட்டுனு தலையாட்டினீங்களே, நடங்க."

திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் எல்லாரும் திரும்பினார்கள். ஒற்றைப் பனையடியில் நின்று, வெள்ளைக் குதிரை என்று திருத்திச் சொல்லி, நெற்றியில் செவலைப் பொட்டையும் வைத்த பிறகுதான் அவள் காலை எடுத்து வைத்தாள். அன்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்துவிட்டது. வெளியே நின்றேன்.

அவள் எனக்கு அத்தை முறை. அப்பாவின் ஒன்றுவிட்ட அக்கா. உயரமானவள், ஆண்களைப் போல எட்டி நடப்பவள். இடது காது பாம்படத்தின் கனத்தால் அறுந்து இரண்டாகத் தொங்கும். ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் கதை சொல்வாள். தலையில் சுமை இருப்பதால் கழுத்தைத் திருப்ப முடியாது. ஆகவே அந்தக் கை மட்டும் முன்னும் பின்னும் போய் வரும். மலை என்றால் உயரும், பாம்பு என்றால் நெளியும். பின்னால் நடந்து வந்த நான் அவள் முகத்தைப் பார்த்து ஒரு கதையும் கேட்டதில்லை. கையைப் பார்த்தே கேட்டேன்.

எங்கள் ஊர்ப் பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கட்டுமரங்கள் கரைக்கு வந்து, மீன் பிரித்து, கூடை நிரம்பியதும், கிளம்புவதற்கு முன்னால் ஒவ்வொருத்தியும் கதை சொல்கிறவளின் கூடையிலிருந்து இரண்டு கை மீனை அள்ளித் தன் கூடையில் போட்டுக்கொள்வாள். மூச்சு இரைத்தால் கதை கெட்டுப்போகும் என்பதற்காக. பாகூரில் மேரி ஆபீஸ் முனைக்கு வந்ததும் அதே இரண்டு கையைத் திரும்ப அவள் கூடையில் போட்டுவிடுவார்கள். கொம்யூன் ஆபீசில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய பிறகும் எங்கள் பெண்களுக்கு அது மேரி ஆபீஸ்தான். அதுவரைக்கும் அத்தையின் கூடை பாதி. அவளுடைய இடம் வரிசைக்கு நடுவில், முன்னால் போகிறவர்களுக்கும் பின்னால் வருகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி. எங்கள் ஊரில் அவளுக்கு நிலம் கிடையாது, படகு கிடையாது, புருஷன் கடலோடு போய்ப் பல வருஷம் ஆயிற்று, பிள்ளையும் இல்லை. நடு இடமும் பாதிக் கூடையும்தான் அவளுக்கு ஊர் கொடுத்த மரியாதை.

நான் பள்ளிக்கூடம் போனதும் அவளால்தான். என் குடும்பத்தில் எனக்கு முன்னால் கையெழுத்துப் போடத் தெரிந்தவர் யாரும் இல்லை. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் தலை நிமிர்கிறது. மறைக்க விரும்பவில்லை. பொம்பளைப் பிள்ளைக்குப் பலகை எதற்கு என்று அப்பா தயங்கியபோது அவள் வந்து கரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"டேய் தம்பி, எங்கிட்ட கீற கதை எல்லாம் வாயில கீது. வாயில கீறது என்னோட போயிடும். எழுத்து தெரிஞ்சவ ஒருத்தி நம்ம கூட நடந்தா போதும். கதை கெடாது. அனுப்புடா."

கதை கெடக் கூடாது என்பதற்காக ஒரு பெண்ணைப் படிக்க வைக்கச் சொன்ன ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நான் அவர்களோடு பாகூர் வரை நடந்து பள்ளிக்கூடம் போவேன். முதல் வருஷம் முழுக்க என் பலகை அவள் கூடையின் மேல்தான் பயணம் செய்தது. வகுப்பில் பலகையை எடுத்தால் வாளை மீன் வாசனை வரும். பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் தள்ளி உட்காருவார்கள். நான் அவர்களைவிட நன்றாகப் படித்தேன்.

கதையில் அவளுக்கு ஒரே ஒரு சட்டம். "கூட்டக் கூடாது, கொறைக்கக் கூடாது. யாரோ பத்திரமா வச்சுக்கன்னு குடுத்துட்டுப் போனது. நம்ம பொருளா அது, இஷ்டத்துக்குச் செய்யறதுக்கு?" பாக்கியம் சித்தி வேண்டுமென்றே வம்புக்கு இழுப்பாள். "ராட்சசனுக்கு ஒரு பல்லு கொறைச்சுக்கோயேன், பயமா கீது." அத்தை சிரிக்க மாட்டாள். "முப்பத்திரண்டு பல்லு. நான் எண்ணிப் பாத்தது இல்ல. எங்கம்மா எண்ணியிருக்கா."

அவளுடைய கதைகள் அம்மாவிடம் கேட்டவை மட்டுமல்ல. பாகூரில் ஒரு நிலக்காரர் வீடு இருந்தது. காலையில் குளித்துவிட்டு அந்த வீட்டுப் பெரியவர் பழைய காவியம் ஒன்றை ராகம் போட்டுப் படித்துப் பொருள் சொல்வார். கேட்பதற்கு வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். வெளிக் கதவுக்கு இப்பால், வேலி ஓரம், கூடையை இறக்காமல் இவள் நிற்பாள். மீன் மீன் என்று கூவாமல் நிற்கும் ஒரே வீடு அது. கூவினால் பாட்டு நின்றுவிடுமே. செய்யுளின் சொற்கள் பாதி அவளுக்குப் புரியாது. ஆனால் அடி எங்கே முடிகிறது, எங்கே மூச்சு வாங்கவேண்டும் என்பது தெரியும்.

ஒருநாள் பெரியவர் படித்துக்கொண்டே போனார். வேலிக்கு இப்பாலிருந்து இவள் குரல் கொடுத்துவிட்டாள். "அய்யா, நடுவுல ஒண்ணு வுட்டுட்டீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். யார் என்று கண்டதும் முகம் சிவந்தது. "மீன் வேணாம், போ" என்றார்.

இதை அவளே எங்களிடம் சொன்னாள். "வூட்டுக்குள்ள போயி புத்தகத்தைப் பொரட்டியிருப்பாரு போல. மறுநாளு நான் போயி நிக்கிறேன். ஒரு வார்த்தை பேசல. ஆனா நேத்து வுட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிச்சாரு. நெசமாவே ஒண்ணு வுட்டுத்தான் போயிருந்துச்சு." சொல்லிவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்து, "பெரிய மனுசன்தான்" என்றாள்.

அந்த நிலக்காரர் மறுநாளே திருத்திக்கொண்டார். நான் அப்படிச் செய்யவில்லை. இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான்.

பெண்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கதை ஒன்று உண்டு. முரசுக்குள் அடைபட்ட இளவரசியின் கதை. ஒரு ராஜாவுக்கு ஒரே பெண். அவள் வாயால் எதைச் சொன்னாலும் பலித்துவிடும். மழை என்றால் மழை. நெருப்பு என்றால் நெருப்பு. மந்திரிகள் பயந்துபோய், பெரிய போர்முரசு ஒன்றின் தோலைக் கிழித்து, அவளை உள்ளே உட்கார வைத்து, மறுபடி தோல் போர்த்திக் கடலில் தள்ளிவிடுகிறார்கள். அலை அடிக்க அடிக்க முரசு அதிர்கிறது. கரையிலிருக்கும் ஆண்கள் பேய் என்று ஓடுகிறார்கள். பிள்ளையில்லாத மீன்காரி ஒருத்தி மட்டும் தானே கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போகிறாள். முரசை இழுத்து வந்து, மீன் அரிகிற கத்தியால் தோலை அறுக்கிறாள். உள்ளே இருந்த பெண் பேச மறுக்கிறாள். பேசினால் என்ன நடக்குமோ என்று பயம். மூன்று வருஷம் ஒரு சொல் பேசாமல் மீன்காரியின் பின்னால் கூடையோடு நடக்கிறாள். ஒருநாள் வெள்ளைக் குதிரையில் இளவரசன் வருகிறான். பெண் கேட்கிறான். மீன்காரி பொன் வேண்டாம், பொருள் வேண்டாம் என்கிறாள். "ஒரே ஒரு தடவை என்னை அம்மான்னு கூப்பிட்டுட்டுப் போ."

இந்த இடத்தில் அத்தையின் கை அசையாது நிற்கும்.

"கூப்பிட்டா. அவ சொன்னா பலிக்குமே. அந்த நிமிஷம் மீன்காரிக்கு மாரு சொரந்துச்சு."

சும்மாட்டிலிருந்து வழியும் மீன்தண்ணீரைத் துடைப்பது போலச் சிலர் முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள். அத்தனை கதைகளிலும் ராஜாவும் மந்திரியும் செட்டியாரும் வருவார்கள். எங்களைப் போல ஒருத்தி வருவது இந்த ஒரு கதையில்தான்.

எனக்குப் பதின்மூன்று வயதானபோது, அப்பா வில்லியனூர் தேருக்குப் போய்விட்டு வரும்போது ஒரு புத்தகம் வாங்கி வந்தார். பெரிய எழுத்தில் அச்சடித்தது. அட்டையில் முரசும், அதிலிருந்து எட்டிப்பார்க்கும் ஒரு பெண்ணும். அவருக்குப் படிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்து, "இது நம்ம அக்கா சொல்ற கதைதானே" என்று கண்டுபிடித்து வாங்கியிருந்தார். அவர் கையால் வாங்கிய முதல் புத்தகம். அதை என் கையில் கொடுத்தபோது, ஊரே பார்க்கட்டும் என்று கரையில் வைத்துத்தான் கொடுத்தார்.

மறுநாள் காலையில், பெண்கள் கூடை தூக்குமுன்னே, அதை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். எனக்குத்தான் செய்தி பெரிதாக இருந்தது என்று நினைத்தேன். அத்தைக்கு அதைவிடப் பெரிதாக இருந்தது.

"அச்சுலயே வந்துடுச்சா? எங்கம்மா சொன்னது?" என்று அட்டையைத் தொடாமல், மீன்கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். பிறகு ஒருநாளும் செய்யாத ஒன்றைச் செய்தாள். கடலூர் ரோட்டைத் தாண்டியதும் புளியமரத்தடியில் கூடையை இறக்கினாள். "எல்லாரும் எறக்குங்கடி. இன்னிக்கு நான் சொல்லப் போறதில்ல. நம்ம பொண்ணு படிக்கப்போவுது."

நான் நின்றுகொண்டு படித்தேன். அத்தையோடு சேர்த்து எட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். என் அம்மாவும் அவர்களில் ஒருத்தி. அம்மா அன்றுபோல என்னைப் பார்த்ததில்லை. அத்தை கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். ராஜா சரி. மந்திரிகள் சரி. மழை சரி. நெருப்பு சரி. வரிக்கு வரி அவள் கதை.

முப்பத்திரண்டாம் பக்கத்தின் கடைசி வரி, "முரசானது அலைமேல் மிதந்து போயிற்று" என்று முடிந்தது. கண்ணை எதிர்ப் பக்கத்துக்கு நகர்த்தினேன். அந்தப் பக்கம், "இளவரசி பட்டாடை உடுத்தி மணவறையில் வீற்றிருந்தாள்" என்று தொடங்கியது. மேலே பக்க எண் பார்த்தேன். நாற்பத்தொன்பது.

புத்தகம் கட்டியவர்கள் பதினாறு பக்கம் தைக்காமலே விட்டுவிட்டார்கள். எனக்கு அந்தக் கணமே புரிந்தது. நான் கெட்டிக்காரி. கணக்கில் முதல் மதிப்பெண் வாங்குகிறவள். முப்பத்திரண்டுக்குப் பிறகு நாற்பத்தொன்பது வராது என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் ஏழு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா கரையில் வைத்துக் கொடுத்த புத்தகம் ஓட்டைப் புத்தகம் என்று நான் எப்படிச் சொல்வது? பாக்கியம் சித்தி அதை வைத்தே ஒரு மாதம் சிரிப்பாள். அது மட்டுமல்ல. இத்தனை வருஷம் அந்த வழியில் எல்லாரும் அத்தையின் வாயைத்தான் பார்த்தார்கள். இன்றுதான் என்னைப் பார்க்கிறார்கள். நான் நிறுத்தினால், விட்ட இடத்திலிருந்து அத்தை தொடங்கிவிடுவாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

பக்க எண்ணின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் ஒட்டுவதற்கு, "கரை சேர்ந்தது. பிறகு" என்று என் சொந்தச் சொல் மூன்றைச் சேர்த்துப் படித்தேன். "முரசானது அலைமேல் மிதந்து போயிற்று. கரை சேர்ந்தது. பிறகு இளவரசி பட்டாடை உடுத்தி மணவறையில் வீற்றிருந்தாள்."

அத்தையின் உதடு நின்றது.

"ஏய், நம்மாளு எங்கடி?" என்றாள் பாக்கியம் சித்தி. "மீன்காரி வரணுமே."

"மீன்காரி இல்ல" என்றேன்.

"இன்னாது, இல்லையா? நல்லாப் பாருடி."

"நல்லாத்தான் பார்த்தேன். அச்சுல மீன்காரியே கிடையாது. அத்தை தானா சேர்த்துக்கிட்டது."

அத்தை கண்ணைத் திறந்தாள். கோபம் இல்லை. மிகவும் கவனமாக, ஒரு குழந்தையிடம் தண்ணீர்ப் பானையை எங்கே வைத்தாய் என்று கேட்பது போலக் கேட்டாள்.

"கண்ணு, ஒண்ணும் வுடலையே?"

நிலக்காரரிடம் ஒன்று விட்டுப்போயிற்று என்று சொன்ன வாய் அது. என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. கேள்வியாகக் கேட்டாள். எனக்கு வாசல் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணும் விடல அத்தை" என்றேன்.

பிறகு அம்மா, என் அம்மாதான், நல்ல மனசோடு மெதுவாகச் சொன்னாள். "போனாப் போவுது வுடு. புள்ள இல்லாதவ. அவளுக்கும் ஆசை இருக்காதா?"

வேறு யாராவது கேலி செய்திருந்தால் அத்தை பதில் சொல்லியிருப்பாள். அம்மா இரக்கப்பட்டாள். அத்தனை பேர் முகத்திலும் அந்த இரக்கம் பரவுவதை நான் பார்த்தேன். இத்தனை வருஷமாகத் தங்களை அழவைத்தது ஒரு மலடியின் ஏக்கம்தான் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அத்தையும் அதையே முடிவு செய்தாள் என்று இப்போது தோன்றுகிறது. கதையில் கூட்டக் கூடாது என்று குதிரையின் நிறத்துக்காகத் திரும்பி நடந்தவள், தனக்கே தெரியாமல் ஒரு முழு மீன்காரியைக் கூட்டிவிட்டதாக நம்பினாள். அச்சு பொய் சொல்லாது. நம்ம பொண்ணும் பொய் சொல்லாது. அப்படியானால் மிச்சம் இருப்பது அவள் மட்டும்தானே.

எழுந்தாள். ஒவ்வொருத்தி கூடையின் முன்னாலும் போய் நின்றாள்.

"என் மீனைப் போடுங்கடி."

"மேரி ஆபீஸ் இன்னும் வரலையே" என்றாள் பாக்கியம் சித்தி.

"போடு."

"இன்னாடி இது, சின்னப் புள்ளை ஏதோ சொல்லிச்சுன்னு..."

"சின்னப் புள்ளை சொல்லல. புத்தகம் சொல்லுது. போடுடி."

ஏழு பேரிடமும் வாங்கினாள். யாரும் அளவு பார்க்கவில்லை. அவளே நிறுத்தச் சொல்லும்வரை அள்ளிப் போட்டார்கள். சும்மாட்டைச் சரிசெய்து, முழுக் கூடையை யார் கையையும் எதிர்பாராமல் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். வரிசையின் கடைசிக்குப் போனாள். அதற்குப் பிறகு நடு இடத்துக்கு அவள் வரவேயில்லை.

முதலில் சில நாட்கள் பெண்கள் கெஞ்சினார்கள். வேறு கதை சொல்லேன் என்றார்கள். "எது எங்கம்மா குடுத்தது, எது நானா சேத்ததுன்னு எனக்கே தெரியல. தெரியாததைச் சொல்லக் கூடாது. படிச்ச பொண்ணு கீது, கேளுங்க" என்பாள். நான் படித்தேன். பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகத்திலிருந்தெல்லாம் படித்தேன். நடந்துகொண்டே படித்ததில் இரண்டு தடவை தடுக்கி விழுந்தேன். பெண்கள் மரியாதையாகக் கேட்டார்கள், கேட்டுக்கொண்டே வேறு பேசினார்கள். ஒரு மாதத்தில் நானும் நிறுத்திவிட்டேன். "இந்த ரோடு முன்னாடி இவ்ளோ நீளமாவா இருந்துச்சு?" என்று பாக்கியம் சித்தி ஒருநாள் கேட்டாள். பின்னால் திரும்பிப் பார்த்தேன். முழுக் கூடையின் கீழே அத்தையின் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சும்மா இருந்த அந்த மற்றக் கையும் இப்போது கூடையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பாகூர் நிலக்காரர் வீட்டு வேலி ஓரத்தில் நிற்பதையும் விட்டுவிட்டாள். "மீனு" என்று கூவிக்கொண்டே அந்த வீட்டைக் கடந்து போனதை நானே ஒருமுறை கேட்டேன். உள்ளே பாட்டு நின்றது.

சொல்லிவிடலாம் என்று பல தடவை நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு பரீட்சையில் தேறும்போதும் சொல்வது கடினமாகிக்கொண்டே போயிற்று. எங்கள் ஊரில் பத்தாவது தேறிய முதல் பெண் நான். புதுச்சேரியில் ஆசிரியப் பயிற்சிக்குப் போன முதல் பெண். நான் கிளம்பிய அன்று அத்தை ஒரு ஓலைப்பெட்டி நிறைய நெத்திலிக் கருவாடு கொண்டுவந்து கொடுத்தாள். "நல்லா படி கண்ணு. எழுத்துல ஒண்ணும் வுடாம படிக்கிறவ நீ" என்றாள். அதைக் குத்திக்காட்டலாகச் சொன்னாளா என்று நான் பல நாள் யோசித்தேன். இல்லை. அவளுக்குக் குத்திக்காட்டத் தெரியாது.

பயிற்சியின் இரண்டாம் வருஷம், புதுச்சேரியில் ஒரு பழைய புத்தகக் கடையில் அந்த அட்டையை மறுபடி பார்த்தேன். முரசு, எட்டிப்பார்க்கும் பெண். எடுத்து முப்பத்திரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். அடுத்தது முப்பத்து மூன்று. நின்றுகொண்டே படித்தேன். கரையில் ஆண்கள் பேய் என்று ஓடினார்கள். பிள்ளையில்லாத மீன்காரி ஒருத்தி கட்டுமரத்தைத் தள்ளினாள். கத்தி. மூன்று வருஷ மௌனம். நாற்பத்து நான்காம் பக்கத்தில் இளவரசன் வெள்ளைக் குதிரையில் வந்தான். "நெற்றியில் மாத்திரம் திலகமிட்டாற்போல் செந்நிறம்" என்று போட்டிருந்தது. நாற்பத்தேழில் அவள் "அம்மா" என்று கூப்பிட்டாள்.

ஒன்றும் கூட்டவில்லை. ஒன்றும் குறைக்கவில்லை. புத்தகத்தை வாங்கிக்கொண்டு விடுதிக்கு நடந்தேன். வழியில் எவ்வளவு பேர் மேல் மோதினேன் என்று நினைவில்லை.

ஆனாலும் உடனே ஊருக்குப் போகவில்லை. அதையும் எழுதிவிட வேண்டும். படிப்பை முடித்து, நெட்டப்பாக்கம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, கோடை விடுமுறை வந்த பிறகுதான் போனேன். வாத்தியாரம்மாவாகப் போய்ச் சொன்னால் கொஞ்சம் தாங்கும் என்று நினைத்திருப்பேன்.

அத்தை கரையில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். பாகூருக்கு நடப்பதை விட்டிருந்தாள். கழுத்து அப்படியே சாய்ந்து நின்றுவிட்டது. அவளுடைய தங்கை பேத்தி ஒருத்தி, ஆறு ஏழு வயதிருக்கும், காக்கை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

நான் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். "அத்தை, ஒண்ணு படிக்கிறேன், கேளு" என்று சொல்லி அந்தப் பதினாறு பக்கத்தையும் படித்தேன். அவள் பழையபடி கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவள் உதட்டையே பார்த்தேன். அசையவில்லை. "அம்மா" என்ற இடம் வந்தபோது விரல்கள் மட்டும் மணலைக் கொஞ்சம் அள்ளி விட்டன.

"நல்லாத்தான் கீது" என்றாள். "இது வேற புத்தகம்."

"அதே புத்தகம்தான் அத்தை. நான் அன்னிக்குப் படிச்சதுல இந்த ஏடெல்லாம் வுட்டுப்போச்சு. தைக்கிறவங்க வுட்டுட்டாங்க."

"புத்தகத்துல எப்படிம்மா வுட்டுப்போவும்? அச்சடிக்கிறவன் பாக்க மாட்டானா?"

"அத்தை, எனக்கு அப்பவே தெரியும். பக்க நம்பரு தாண்டிப் போனதைப் பார்த்தேன். வெரலை வச்சு மறைச்சேன். நீ கேட்டப்ப பொய் சொன்னேன்."

அவள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் போதும் என்று இருந்தது. நெற்றியில் விழுந்திருந்த என் முடியை அவள் உப்புக்கையால் ஒதுக்கிவிட்டாள்.

"இல்ல கண்ணு. எனக்கு மனசு ஆறட்டும்னு சொல்ற நீ. உனக்குத் தெரிஞ்சிருந்தா அப்பவே சொல்லியிருப்ப. நம்ம வூட்டுப் பொண்ணு நீ, நம்மாளுங்ககிட்டயே பொய் சொல்லுவியா?"

"நெசமாத்தான் அத்தை."

"போதும் வுடு. அந்தப் புத்தகம் யாரோ ஒரு பெரிய மனசுக்காரன் எழுதினது. அவனுக்கும் புள்ள இல்லையோ இன்னாவோ." என் கையிலிருந்த புத்தகத்தை மூடி என் மடியிலேயே வைத்தாள். "நான் இப்ப கதை சொல்றதில்ல. ஆனா நீ அன்னிக்குப் படிச்சியே, அது ஒண்ணு மட்டும் அட்சரம் மாறாம எங்கிட்ட கீது. ஊரு புள்ளைங்களுக்கு அதைத்தான் சொல்லிக் குடுக்குறேன். ஏய் குட்டி, இங்க வா. வாத்தியாரம்மாவுக்குச் சொல்லிக் காட்டு."

அந்தச் சிறுமி குச்சியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு நின்று, மூச்சு விடாமல் சொன்னாள். ராஜா வந்தார். மழை வந்தது. நெருப்பு வந்தது. மந்திரிகள் முரசைக் கடலில் தள்ளினார்கள்.

"முரசானது அலைமேல் மிதந்து போயிற்று. இளவரசி பட்டாடை உடுத்தி மணவறையில்..."

"நில்லு" என்றாள் அத்தை. "நடுவுல ஒண்ணு வுட்டுட்ட."

சிறுமி விழித்தாள். ஒரு கணம் நம்பினேன். இதோ மீன்காரி வரப்போகிறாள், கட்டுமரத்தைத் தள்ளப்போகிறாள் என்று.

"'கரை சேர்ந்தது. பிறகு'ன்னு வருமே. அதை ஏன் முழுங்கின? இந்த அக்கா படிச்சதுல கீது அது. கூட்டக் கூடாது, கொறைக்கக் கூடாது. போ, மொதல்லேர்ந்து சொல்லு."

சிறுமி தலையாட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.